எல்லையோரக் கபடிப் போட்டி: எட்டு அணியும் வேன்ல வந்து வேன்லயே போகாம இருக்க என்ன பண்ணணும்?

#1 எல்லைக்காரன்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் ரெண்டு நாள் கபடிப் போட்டி ஒண்ணு யோசனையில இருக்குதுங்க. எட்டு அணி. பொள்ளாச்சி, கோவை பக்கத்துல இருந்து மூணு, சித்தூர் தாலுகா தமிழ் அணி ரெண்டு, பாலக்காட்டு மலையாளி அணி ஒண்ணு, ஆந்திராவுல இருந்து ஒண்ணு, கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகள்ல வேலை பாக்கற பீகார், வங்காளம், ஒடிசா பசங்க சேர்ந்த அணி ஒண்ணு.

நோட்டீஸ்ல "விளையாட்டு மனங்களை இணைக்கும்"னு போட்டுடலாம், காசா பணமா. ஆனா வழக்கமா நடக்கறது என்ன? வேன்ல வந்து எறங்கறாங்க, வெளையாடறாங்க, கோப்பையோட போட்டோ எடுத்துக்கறாங்க, வேன்ல ஏறிப் போயிடறாங்க. பக்கத்து அணிக்காரன் பேர் கூடத் தெரியாது. ஒலிம்பிக்ஸ், ஆசிய விளையாட்டுன்னு பெரிய போட்டி நடத்தறவங்க இதுக்குன்னு என்ன ஏற்பாடு பண்றாங்க? அதுல ஊர் அளவுக்கு எது ஆகும்? பிரசங்கம் வேண்டாமுங்க, செய்முறை வேணும்.

#2 பழையபேப்பர்

செலவில்லாத ஏற்பாடு ஒன்று: நிறைவு விழாவில் அணி அணியாக நடக்க விடாதீர்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் வரை நிறைவு விழாவிலும் நாடு வாரியாகத்தான் அணிவகுப்பு. ஜான் இயன் விங் என்ற 17 வயது சீன வம்சாவளி ஆஸ்திரேலியப் பையன், பெயர் போடாமல் அமைப்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினான். நாடு வாரியாக வேண்டாம், எல்லாரும் கலந்து ஒரே கூட்டமாக நடக்கட்டும் என்று. ஏற்றுக்கொண்டார்கள். இன்றுவரை ஒலிம்பிக்ஸ் நிறைவு விழா அப்படித்தான் நடக்கிறது.

ஊர்ப் போட்டியில் இதையே பரிசளிப்புக்கு முன்னால் செய்யலாம். ஒரு நிபந்தனை: தோற்ற அணிகள் அதுவரை இருக்க வேண்டும். பயணப்படியை முதல் நாளே கொடுத்துவிட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பாதியை முதல் நாள் கொடுங்கள், மீதியை நிறைவு விழா முடிந்ததும்.

#3 வாளையார்_காற்று

அதே மெல்போர்ன்ல, நிறைவு விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி என்ன நடந்துச்சுன்னும் சொல்லிடுங்க பழையபேப்பர் சார். டிசம்பர் 6ஆம் தேதி ஹங்கேரிக்கும் சோவியத்துக்கும் வாட்டர் போலோ. ஹங்கேரிக்குள்ள சோவியத் டாங்குகள் புகுந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. தண்ணிக்குள்ளயே அடிதடி, ஹங்கேரி வீரர் எர்வின் சாடோர் முகத்துல ரத்தம் ஒழுக வெளிய வந்தார். 4-0ன்னு ஹங்கேரி முன்னால இருந்தப்ப ஆட்டத்தையே நிறுத்தினாங்க.

1969ல எல் சால்வடாருக்கும் ஹோண்டுராஸுக்கும் கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று முடிஞ்ச கையோட போரே வந்துச்சு. ஏற்கெனவே உள்ள புகைஞ்சிட்டு இருந்தா ஆட்டம் அதை ஊதித்தான் விடும். உங்க எட்டு அணியில ஏற்கெனவே முறைச்சுக்கிட்டு இருக்கற ரெண்டு அணி எதுன்னு முதல்ல பாருங்க. அதுங்களை ஒரே பிரிவுல போடாதீங்க, ராத்திரிக் கடைசி ஆட்டமாவும் போடாதீங்க.

#4 பழையபேப்பர்

மறுக்கவில்லை. நான் சொல்வதற்கே அது சாட்சி. இரண்டும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் நடந்தவை. குளத்தில் எதிரெதிராகத்தான் நிறுத்தினார்கள், அடிதடி வந்தது. மைதானத்தில் வரிசையைக் கலைத்து விட்டார்கள், கலந்து நடந்தார்கள். மனம் இரண்டு நாளில் மாறியிருக்காது, மாறியது ஏற்பாடு. 1969 போருக்கும் பந்து காரணமில்லை. ஹோண்டுராஸில் குடியேறியிருந்த சால்வடார் விவசாயிகளின் நிலத் தகராறு அது.

கடைசி ஆட்டம் பற்றிச் சொன்னது சரி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

#5 கோட்டு_நடுவர்

எல்லாரும் விழாவைப் பத்தியே பேசறீங்க. வேற வேற ஊர்க்காரங்க சேர்ந்து ஆடும்போது சண்டை தொடங்கற இடம் விதி. அவனவன் ஊர்ல அவனவன் ஒரு விதம் ஆடிட்டு வர்றான்.

கபடியிலேயே மூணு வகை இருக்கு. சஞ்சீவனி: எதிரணியில ஆளை எடுத்தா நம்ம அவுட் ஆள் உள்ள வருவான். காமினி: அவுட்டானவன் தன் அணி முழுசும் அவுட்டாகற வரைக்கும் வெளியதான். அமர்: யாரும் வெளிய போறதே இல்ல, புள்ளி மட்டும். சர்வதேச ஆட்டம் சஞ்சீவனி வகை. கிராமத்துல மத்த ரெண்டும் இன்னும் கலந்து ஓடுது. நோட்டீஸ்ல "கபடி"ன்னு மட்டும் போட்டா பத்தாது.

எழுத்துல போட வேண்டியது: ரெய்டு 30 விநாடி. ரெண்டு ரெய்டு காலியாப் போனா மூணாவது செத்தா பொழைச்சா கணக்கா (புள்ளி எடுக்கலேன்னா ரெய்டர் அவுட்), இல்லையா? தடுப்புல மூணு பேரோ அதுக்குக் கீழயோ இருக்கும்போது புடிச்சா கூடுதல் புள்ளி உண்டா? எடை வரம்பு 85 கிலோவா, ஊருக்குன்னு வேற வெக்கறீங்களா? லோனாவுக்கு (எதிரணி முழுசையும் அவுட்டாக்கறது) 2 புள்ளி. எல்லாத்துக்கும் மேல லாபி விதி, அதாவது கோட்டோட ரெண்டு பக்க ஓரத்துலயும் இருக்கற பட்டைக்கான விதி.

லாபியை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதி. இந்தியா 28, ஈரான் 28, ஒரு நிமிஷம் சொச்சம் பாக்கி. பவன் செராவத் யாரையும் தொடாம லாபிக்குள்ள போனார், ஈரான் தடுப்பாளருங்க பின்னாலயே போனாங்க. அப்படிப் போனவங்க அவுட்டா இல்லையான்னு பழைய விதி ஒண்ணு சொல்லுது, புது விதி வேற சொல்லுது. தீர்ப்பு இப்படியும் அப்படியும் மாறி, வீரருங்க கோட்டுக்குள்ளயே உக்காந்துட்டாங்க. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்னுச்சு. கடைசியில இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1. 33-29ன்னு முடிஞ்சது. ஆசிய இறுதிக்கே அந்தக் கதின்னா கொழிஞ்சாம்பாறைக்கு?

ஒரே பக்கத்துல விதியை அடிச்சு தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தின்னு நாலு மொழியில பத்து நாள் முன்னாடியே அனுப்புங்க. போட்டி அன்னிக்குக் காலையில கேப்டனுங்க எட்டு பேரையும் கோட்டுக்குள்ளயே நிக்க வெச்சு, லாபியையும் போனஸ் கோட்டையும் காலால மிதிச்சுக் காட்டுங்க. பேசி விளக்கறதை விட அது நிக்கும்.

#6 நகரி செடுகுடு

நடுவர் அண்ணா, எங்க பக்கம் இதுக்குப் பேரே செடுகுடுதான், உங்க பக்கம் சடுகுடு. கஞ்சிக்கோட்டு வங்காளப் பசங்க ஹாடுடும்பாங்க. பாடறதுல தகராறு வராதா? (எல்லைக்காரன் அண்ணா, சித்தூர் தாலுகான்னு படிச்சதும் எங்க ஜில்லா அணி ரெண்டு வருதுன்னு நெனச்சுட்டேன். கேரளா எல்லையிலும் ஒரு சித்தூர், ஆந்திரா எல்லையிலும் ஒரு சித்தூர். நோட்டீஸ்ல மாநிலம் போட்டுடுங்க, வேன் டிரைவர் பாவம்.)

#7 கோட்டு_நடுவர்

வரும். சர்வதேச விதிப்படி "கபடி"ன்னுதான் சொல்லணும், நடுவர் காதுல விழற மாதிரி. எதிர்க் கோட்டுல கால் வெக்கறதுக்கு முன்னாடியே தொடங்கணும். தாமதமாத் தொடங்கினா ரெய்டரைத் திருப்பி அனுப்பி எதிரணிக்கு ஒரு புள்ளி. பழக்கதோஷத்துல நாக்கு ஊர்ப் பாட்டுக்குப் போயிடும், அதனால முதல் ஆட்டத்துல மட்டும் தலைக்கு ஒரு எச்சரிக்கைன்னு வெச்சுக்கலாம். அதையும் விதித் தாள்லயே எழுதிடுங்க.

ஒழுங்கு நடவடிக்கையை வாயால சொல்லாதீங்க, அட்டை காட்டுங்க. பச்சைன்னா எச்சரிக்கை, மஞ்சள்னா 2 நிமிஷம் வெளிய, சிவப்புன்னா அந்த ஆட்டத்துக்கே வெளிய. அட்டை வந்ததே மொழிப் பிரச்சினையாலதான். 1966 கால்பந்து உலகக் கோப்பைக் கால் இறுதி, இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும். நடுவர் ஜெர்மன்காரர் க்ரைட்லைன், வெளிய போகச் சொன்னது அர்ஜென்டினா கேப்டன் ரட்டினை. அவர் பேச்சு இவருக்குப் புரியல, இவர் பேச்சு அவருக்குப் புரியல. மொழிபெயர்ப்பாளர் வேணும்னு அவர் நகராம நின்னார். அன்னிக்கு நடுவர்களுக்குப் பொறுப்பா இருந்த கென் ஆஸ்டன், திரும்பிப் போற வழியில சிக்னல் விளக்கைப் பாத்து மஞ்சள், சிவப்புன்னு யோசனை பண்ணினார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில அட்டை வந்துடுச்சு.

அதிகாரிகள் ஆட்டத்துக்கு ஆறு பேர்: நடுவர் 1, அம்பயர் 2, கோடு பாக்க 2, ஸ்கோரர் 1. ஆடற ரெண்டு அணி ஊர்க்காரங்களும் அந்த ஆறுல இருக்கக் கூடாது. கிரிக்கெட்ல பொது அம்பயர் வழக்கமாகறதுக்கு முன்னாடியே, 1986ல பாகிஸ்தான் மேற்கிந்தியத் தீவுகளோட லாகூர்ல ஆடின டெஸ்டுக்கு ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர்னு ரெண்டு இந்திய அம்பயர்களைக் கூப்பிட்டாங்க. பாகிஸ்தான்ல, இந்தியாக்காரர் தீர்ப்பு! எந்தப் பக்கமும் சேராத ஆள்னா ஒத்துக்கறாங்க.

#8 கஞ்சிக்கோடு ஷிப்ட்

வடக்கே இருந்து வந்த பசங்க விஷயமா மூணு சொல்லணும்.

நேரம். ஞாயித்துக்கிழமையும் எல்லாருக்கும் லீவு கிடையாது. ஷிப்ட் ரெண்டு மணிக்கு விடும், குளிச்சு வர நாலாகும். அவங்க ஆட்டத்தைக் காலையில போட்டா ஏழு பேர் தேறாது, வாக்கோவர்தான். அட்டவணை போடறதுக்கு முன்னாடி காண்ட்ராக்டர்கிட்ட பேசுங்க. வீரர்கிட்ட கேட்டா "வந்துடுவேன்"னுதான் சொல்வான்.

கயிறு, தாயத்து. விதியில நகம் வெட்டியிருக்கணும், எண்ணெய் பூசக் கூடாது, நகை கூடாது. இதுல கடைசிதான் வில்லங்கம். இடுப்புக் கயிறு, கறுப்புக் கயிறு, தாயத்து, கடுக்கன், பூணூல்னு எல்லா அணியிலும் ஏதாவது ஒண்ணு இருக்கும். சிலர் கழட்டவே மாட்டாங்க. கோட்டுக்குள்ள வந்தப்புறம் எல்லார் முன்னாடியும் "கழட்டு"ன்னா அவமானமா எடுத்துக்குவாங்க, நம்ம சாமியை அவன் இழிவா பேசிட்டான்னு பேச்சு போகும். உலோகம்னா கட்டாயம் கழட்டணும். நூல்னா உடம்போட ஒட்டி மேல டேப். இதை எடை பாக்கற இடத்துலயே, தனியா, எல்லா அணிக்கும் ஒரே மாதிரி முடிச்சுடுங்க. அகலமான ஸ்போர்ட்ஸ் டேப் அணிக்கு ஒரு சுருள் தாராளம்.

சாப்பாடு. எட்டு அணிக்கு 96 வீரர், கோச்சு, நடுவருங்க சேர்த்து 120 இலை. நேரத்துக்கு ஆளுக்கு 150 கிராம்னா அரிசி 18 கிலோ. கேரளாவோட சிவப்பு மட்டை அரிசி போட்டா தமிழ் அணிகளும் வங்காளிகளும் பாதியில எந்திரிச்சுடுவாங்க. பொன்னி புழுங்கல் எல்லாருக்கும் ஒத்துப் போகும், பீகார் பசங்களுக்குச் சப்பாத்தி கொஞ்சம் சேர்த்துக்கணும். மத்தியானம் சைவம் மட்டும், ராத்திரி சிக்கன், ஹலால் கடையில வாங்கினது. மாடு, பன்னி ரெண்டும் வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்லிட்டு இருக்க வேண்டியதில்ல. சாம்பார்க் கரண்டி கறிச் சட்டிக்குள்ள போகாம பாத்துக்க தனியா ஒரு ஆள். ஆட்டத்துக்கு மூணு மணி நேரத்துக்கு முன்னாடி பந்தி முடிஞ்சிருக்கணும், இல்லேன்னா முதல் பாதியிலயே வாந்தி.

#9 பழையபேப்பர்

பந்தியிலேயே கலக்கலாமே. பனியன் எண்படி உட்கார வையுங்கள். எல்லா அணியின் 1ஆம் எண்காரர்களும் ஒரு வரிசை, 2ஆம் எண்காரர்கள் அடுத்த வரிசை. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேரும் வேறு வேறு அணி. ஒலிம்பிக் கிராமங்களிலும் இதைப் போல வேலை செய்வது பொதுச் சாப்பாட்டுக் கூடம்தான். மேடைப் பேச்சு இல்லை.

இடத்தைக் காட்ட எழுத்துப் பலகையை நம்ப வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜப்பானிய எழுத்து வெளிநாட்டாருக்குப் புரியாது என்பதால்தான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படக்குறி என்று முறையாக வரைந்தார்கள். குழாய், கழிப்பறை, மருந்துப் பெட்டி, சாப்பாடு: நாலு படம் போதும் உங்களுக்கு.

#10 மீனாட்சிபுரத்தாள்

எட்டு அணியும் ஆம்பளைங்க அணிதானா? பொம்பளைப் பசங்க ஆட்டம் ஒண்ணாவது வைங்க. கோட்டு 12க்கு 8 மீட்டர், ஆண்கள் கோட்டுக்குள்ளேயே வேற நிற டேப்பால போட்டுக்கலாம்.

உடை விதியை மட்டும் யோசிச்சு எழுதுங்க. யார் உள்ள வர்றாங்க, யார் வெளிய நிக்கறாங்கன்னு அந்த ஒரு வரி முடிவு பண்ணும். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுல கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி மைதானம் வரைக்கும் வந்துட்டு ஆடாமலே திரும்பிப் போச்சு, தலைத்துணியைக் கழட்டச் சொன்னதால. அதே வருஷம் சீனாவுல ஒரு ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில நம்ம சீக்கிய வீரருங்க ரெண்டு பேரைத் தலைப்பாகை எடுக்கச் சொன்னாங்க. அந்தச் சம்மேளனம் விதியை மாத்தினது 2017ல. கபடியில ஈரான் பொண்ணுங்க தலைத்துணி, முழுக்கை, முழுக்கால் உடையோடதான் ஆடறாங்க. 2018 ஜகார்த்தாவுல இந்தியாவை 27-24ன்னு ஜெயிச்சுத் தங்கம் எடுத்தாங்க. "முட்டிக்கு மேல் டிராயர் கட்டாயம்"னு பழைய நோட்டீஸ்ல இருந்து அப்படியே காப்பி அடிக்காதீங்க.

#11 வாளையார்_காற்று

அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தது மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். அதே ஜகார்த்தாவுல ஆண்கள் அரையிறுதியிலயும் ஈரான் நம்மளை 27-18ன்னு கவுத்துச்சு. 1990ல பெய்ஜிங்ல கபடி சேர்ந்ததுல இருந்து ஏழு தடவை தொடர்ச்சியா வந்த தங்கம் போச்சு. பிரிவு ஆட்டத்துல தென் கொரியாகிட்டயும் 24-23. 2014ல ப்ரோ கபடி தொடங்கினதும் தென் கொரியாவோட ஜாங் குன் லீயை எடுத்தோம், அப்புறம் ஈரானோட ஃபசல் அத்ராச்சலியை எடுத்தோம், நம்ம பசங்களோட ரூம்ல தங்க வெச்சோம். தொழில் ரகசியம் பூரா போச்சு. கலாச்சார இணைப்புக்கு நாம கொடுத்த விலை இது.

#12 கோட்டு_நடுவர்

விலையா? ஒரே நாடு ஏழு தடவை ஜெயிச்ச ஆட்டத்தை அதுவரைக்கும் வெளியில யார் பாத்தாங்க? இப்ப ஈரான் மூலைக்காரன் கணுக்காலைப் பிடிக்கற விதத்தைப் பாத்து நம்ம பசங்க கத்துக்கறாங்க. ஒரே ரூம்ல தங்கினதால போச்சுன்னு சொல்றீங்களே, அந்த ஒரே ரூம்தானே எல்லைக்காரன் கேக்கற ஏற்பாடு?

#13 எல்லைக்காரன்

சண்டை வேண்டாமுங்க, ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு உபயோகந்தான். ஒரு யோசனை: அணியையே கலைச்சுப் போட்டுட்டா? குலுக்கல்ல பேர் எடுத்து எட்டுக் கலப்பு அணி. ஆகுமுங்களா?

#14 பழையபேப்பர்

முன்மாதிரி உண்டு. 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்ஸில் பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் சேர்த்துச் சில போட்டிகள் வைத்தார்கள், ஜூடோ கலப்பு அணி அதில் ஒன்று. பதக்கம் எந்த நாட்டுக் கணக்கிலும் சேராது.

அவசரக் கலப்பு எப்படிப் போகும் என்பதற்கு 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ். தென் கொரியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் 23 பேரோடு வட கொரியர் 12 பேரைக் கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். ஆட்டத்துக்கு வட கொரியர் மூன்று பேராவது களத்தில் இறங்க வேண்டும் என்று நிபந்தனை. ஐந்து ஆட்டமும் தோல்வி. போட்ட கோல் 2, வாங்கியது 28. இடம் பறிபோன தென் கொரிய வீராங்கனைகள் பக்கம் ஊரே பேசியது. ஆனால் 1991இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலக டேபிள் டென்னிஸில் இதே இரு கொரியாக்கள் ஒரே அணியாகச் சீனப் பெண்களையே வென்றன. அங்கே போட்டிக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மாதம் சேர்ந்து பயிற்சி.

#15 கோட்டு_நடுவர்

அதனால முதல் நாள் ஊர் அணிங்க ஆடட்டும், கோப்பை அவங்களுக்கு. சனம் வர்றதே தன் ஊர் ஜெயிக்கறதைப் பாக்கத்தான். கலப்பு ஆட்டம் ரெண்டாம் நாள் காலையில, வேற பரிசு.

குலுக்கல்ல பேரை மொத்தமா ஒரே குடத்துல போட்டுடாதீங்க. ஒரு அணியில ஏழும் ரெய்டரா வந்து நிக்கும். குடம் நாலு: ரெய்டர், இடது மூலை, வலது மூலை, கவர் (மூலைக்காரனுக்கு உள்பக்கம் நிக்கற தடுப்பாளர்). ஒரு ஊர்ல இருந்து ரெண்டு பேருக்கு மேல ஒரே அணிக்கு வந்தா மூணாவது சீட்டைத் திருப்பிப் போடுங்க.

அப்புறம், சேர்ந்து ஆடாத தடுப்பு சங்கிலியில உடையும். மூலைக்காரன் பாய்வான், கவர் அசைய மாட்டான், ரெய்டர் நடுவுல பூந்து போயிடுவான். "இப்ப", "விடு"ன்னு நாலு மொழியில கத்தினா ரெய்டருக்குத்தான் உதவி. கையைத் தானே கோத்துட்டு நிக்கறாங்க, கையாலேயே பேசட்டும். ஒரு அழுத்தம் பின்வாங்கு, ரெண்டு அழுத்தம் புடி. முந்தின சாயங்காலம் அரை மணி நேரம், ஒரு ரெய்டரை விட்டு இதை மட்டும் பழக விடுங்க. ஆட்டத்துக்கு 10-5-10 நிமிஷம் (பாதி, இடைவேளை, பாதி) போதும், களைச்சுப் போனவங்களைப் புதுச் சங்கிலியில நிக்க வெச்சா முட்டிதான் போகும்.

#16 நகரி செடுகுடு

கணக்கு இடிக்குதே அண்ணா. நாலு நாலா ரெண்டு பிரிவுன்னா பிரிவுக்கு 6, மொத்தம் 12 ஆட்டம். 20-5-20ன்னா ஒரு ஆட்டத்துக்கு முக்கா மணி, நிறுத்தம், மாத்தறது எல்லாம் சேர்த்து 55 நிமிஷம். ஒரு கோட்டுல 11 மணி நேரம் ஆகும். கூடவே கஞ்சிக்கோட்டு அணி சாயங்காலம்தான் வரும்.

#17 கோட்டு_நடுவர்

சரியான கேள்வி. ரெண்டு கோட்டு போடுங்க, பிரிவு ஆட்டம் மட்டும் 15-5-15. 45 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா கோட்டுக்கு ஆறு ஆட்டம், நாலரை மணி நேரம். சாயங்காலம் 4 மணிக்குத் தொடங்கினா எட்டரைக்கு முடியும், வெயிலும் இல்ல. ஒரு அணிக்கு ஒரே நாள்ல மூணு ஆட்டம் வருது, அதனால ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல ஒரு ஆட்ட இடைவெளியாவது கிடைக்கற மாதிரி முடிஞ்ச வரைக்கும் மாத்தி மாத்திப் போடுங்க. அரையிறுதி ரெண்டும் இறுதியும் மறுநாள் சாயங்காலம், முழு நேரம். ரெண்டு கோட்டுன்னா அதிகாரிகளும் 12 பேர், இப்பவே சொல்லி வைங்க.

#18 மீனாட்சிபுரத்தாள்

மைக் விஷயம் விட்டுப் போச்சு. தமிழ்லயே ரெண்டு நாளும் அறிவிச்சா பாலக்காட்டு அணிக்கும் மத்தவங்களுக்கும் அது நம்ம ஊர் திருவிழா, அவங்க போட்டி இல்ல. ஒலிம்பிக்ஸ்ல பிரெஞ்சு, ஆங்கிலம், அப்புறம்தான் நடத்தற நாட்டு மொழி. இங்கயும் வந்தவங்க மொழி முன்னாடி வரட்டும். வீரர் பேரை அவங்க சொல்ற மாதிரியே எழுதி வாங்கிக்குங்க. பேரைத் தப்பாச் சொல்லிக் கூட்டம் சிரிச்சா அந்தப் பையன் மறுபடி இந்தப் பக்கம் வர மாட்டான்.

#19 வாளையார்_காற்று

2022 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கோழிக்கோடு புல்லாவூர் ஆத்துல மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோன்னு கட்-அவுட் வெச்சாங்களே, அர்ஜென்டினா ஜெயிச்சதும் அவங்க சங்கமே கேரளா பேரைச் சொல்லி நன்றி போட்டுச்சு. அர்ஜென்டினாக்காரனை நேர்ல பாக்காதவன் அங்க கொடி கட்டறான், ஆனா கஞ்சிக்கோட்டுல அடுத்த லைன் வீட்டுல இருக்கற ஒடிசாக்காரன் பேர் தெரியாது. அதனால சொல்றேன், இத்தனை குறை சொன்னாலும் நடத்துங்க. முறைச்சுக்கற அணிங்க விஷயத்தை மட்டும் மறந்துடாதீங்க.

#20 எல்லைக்காரன்

அதை எழுதி வெச்சுட்டேனுங்க. கடைசியா ஒண்ணு: ரெண்டு கோட்டுக்கும் மேட் வாடகைக்குக் கட்டுபடி ஆகாது போல. ஒண்ணு மேட், ஒண்ணு மண்ணுன்னு போட்டா?

#21 கோட்டு_நடுவர்

போடாதீங்க. மேட்ல ஷூ, மண்ணுல வெறுங்காலு. மண்ணுல பழகின அணிக்கு மேட்ல கால் வழுக்கும், மேட்ல பழகினவனுக்கு மண்ணுல தோல் உரியும். ரெண்டு பிரிவுக்கும் வேற வேற தரைன்னா முதல் புகாரே அதுதான் வரும்.

ஆண்கள் கோட்டு லாபியோட சேர்த்து 13க்கு 10 மீட்டர். சுத்தி ரெண்டு மீட்டர் விட்டா 17க்கு 14, அதாவது ஒரு மீட்டர்ச் சதுர ஓடு 238. ரெண்டு கோட்டுக்கு 476. அது முடியலேன்னா ரெண்டையுமே மண்ணுல போட்டுடுங்க. கல் பொறுக்கிச் சலிச்ச மண்ணு, மக்கின சாணம், மரத்தூள் கலந்து, முந்தின நாளே தண்ணி தெளிச்சு ஒரு உருட்டு உருட்டி வைங்க. காலை அழுத்தினா குதிகால் தடம் பதியணும், கையில சேறு ஒட்டக் கூடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் கோடு அழிஞ்சுடும், சுண்ணாம்புத் தூள் கண்ணுக்கு ஆகாது. வெள்ளைப் பட்டையை ஆணி தரைக்குள்ள முழுசா முங்கற மாதிரி அடிச்சு இழுத்துக் கட்டுங்க. ஆணித் தலை வெளிய தெரியுதான்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் கோடு பாக்கறவர் கையால தடவிப் பாக்கணும்.